அதேதான்

பதினெட்டு வருடத்தில் 'வைகறை' கைக்கடிகாரத்தைப் பன்னிரண்டு தடவை மாற்றினேன். மாற்றியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்காக எனக்கு நாலு விருது கொடுத்தார்கள். நாலையும் வீட்டில் செருப்பு அலமாரிக்குள் தள்ளி வைத்திருக்கிறேன். கண்ணில் படுகிற இடத்தில் வைக்க மனம் வரவில்லை.

வைகறை சாவி கொடுத்து ஓடுகிற கடிகாரம். பாட்டரி கிடையாது, திரை கிடையாது, உங்கள் நாடியை எண்ணி யாருக்கும் கோள் சொல்லாது. சந்தன நிற டயல். ஆறு மணிக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் அரைச் சூரியன் ஒன்று எட்டிப் பார்க்கும். அந்தச் சூரியனுக்காகத்தான் ஜனங்கள் அதை வாங்கினார்கள். மாப்பிள்ளைக்குப் போட்டார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மாலையோடு கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் குறிச்சி தாண்டி இருக்கிற எங்கள் தொழிற்சாலைக்கு அந்த ஒரு கடிகாரம்தான் சோறு போட்டது.

ஒரு பொருள் இப்படிப் பேரெடுத்துவிட்டால் அதோடு மாரடிப்பது பெரும்பாடு. அப்படியே விட்டால் கிழவர்கள் சாமான் என்று இளவட்டங்கள் தொட மாட்டார்கள். கை வைத்தால், கெடுத்துவிட்டார்கள் என்று பழைய ஆட்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். ஆகவே மாற்றவும் வேண்டும், மாற்றியது தெரியவும் கூடாது. சூரியனுக்குப் பதினொரு கதிர் இருந்ததை ஒன்பதாக்கினேன், பிறகு ஏழாக்கினேன். முப்பத்து நாலு மில்லிமீட்டர் அகலம் முப்பத்தைந்தாகி, முப்பத்தாறாகி, முப்பத்தொன்பதில் வந்து நின்றது. உப்பியிருந்த கண்ணாடி தட்டையாயிற்று. சந்தன நிறம் தந்த நிறமாகி, தந்தம் வெள்ளையாயிற்று. ஒவ்வொரு தடவையும் கடுகளவுதான். ஆனால் முதல் பதிப்பையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு திருகாணி கூட இருக்காது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் 'முதல் வைகறை' என்று எழுதி வைத்திருக்கிறோமே, அதற்கும் ஒவ்வொரு பதிப்பின்போதும் டயலை மாற்றினோம். எம்.டி. அதற்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்தார்.

இத்தனையும் செய்து ஒரு வசவும் வாங்காமல் தப்பித்தோம் என்றால், அதற்குக் காரணம் எங்களிடம் சபரீஷ் இருந்தான்.

நான் சாலிடரிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் வருடமே இடது மணிக்கட்டின் உள்பக்கம் சுட்டுக்கொண்டேன். பிறை போல ஒரு தழும்பு. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான். ஏழு வருடம் கழித்து வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவி ஆக்கினார்கள். அந்த வாரமே டாக்டர் பெனாசிர் தன் நெற்றிப்பட்டையோடு எங்களிடம் வந்தார். மூளை ஆராய்ச்சிக்காரர். துணிப்பட்டை மாதிரித்தான் இருக்கும், நெற்றியில் கட்டிக்கொண்டால் போதும்.

"புடிச்சிருக்கா, புடிக்கலையான்னு ஜனங்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல பிரவீணா," என்றார். "வாய் மரியாதைக்குப் பேசும். தெரிஞ்ச பொருளைப் பாத்தா மூளைக்குள்ள ஒரு மணி அடிக்கும். 'இது என்னோடது'ன்னு. அதுக்கு மரியாதை எல்லாம் தெரியாது. இந்தப் பட்டை அந்த மணியைத்தான் கேக்குது."

முதல் பதிப்பு கடிகாரத்தோடு வளர்ந்தவர்கள் முந்நூறு பேரைக் கூப்பிட்டுச் சோதித்தோம். நூற்றுக்கு ஐம்பது, அறுபது என்று வந்தது. காரமடையிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு மட்டும் தொண்ணூற்றேழு. அவன்தான் சபரீஷ். அவனுடைய அப்பா நாச்சிமுத்து லாரி டிரைவர். மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட வைகறையைக் கழற்றாமல் கட்டியிருந்தவர். சபரீஷுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, கோத்தகிரியில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அவர் ஞாபகமாக வீட்டில் ஒரு போட்டோ கூடக் கிடையாது. கோபத்தில் அம்மா எல்லாவற்றையும் கிழித்துவிட்டாள். அவன் மனசில் மிச்சம் இருந்தது அந்தக் கை, அந்தக் கடிகாரம்.

எங்களுக்கு அது அதிர்ஷ்டம். இப்படிச் சொல்லக் கூசுகிறது, ஆனால் அன்றைக்கு நான் கைதட்டினேன்.

அவனை மாதச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டோம். ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு மாதம் சோதனை நடக்கும். முதலில் பட்டையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். மனசு அங்கே போய் நின்றதும் என் புது டிசைனை ஒரு ஆண் கையில் கட்டிய படமாகத் திரையில் காட்டுவோம். மணி தொண்ணூறுக்கு மேல் அடித்தால் தேறியது. சபரீஷுக்கு எண்ணெல்லாம் தெரியாது. படத்தைப் பார்ப்பான், கண் கலங்கும், "அதேதானுங்க மேடம்" என்பான். அந்த வார்த்தையே சோதனைக்குப் பெயராகிவிட்டது. கோப்புகளில் 'அதேதான் கட்டம்' என்றே எழுதினோம். எம்.டி. ஃபோன் பண்ணினால், "என்னம்மா, அதேதான் ஆயிருச்சா?" என்பார். விளம்பரத்தில் சபரீஷின் முகமும் வரும், கீழே அந்த ஒரே வார்த்தை.

பன்னிரண்டாவது பதிப்பும் 'அதேதான்' ஆயிற்று. வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் தங்கை தாரணி என்னைத் தேடி வந்தாள்.

இருபத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா போனபோது இரண்டு வயதுக் குழந்தை, அவளுக்கு அவர் முகமும் தெரியாது, கையும் தெரியாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மொபைலை என் முன்னால் நீட்டினாள். மலைமேல் ஒரு காவல் நிலையம், கேட்பாரற்றுக் கிடக்கிற பழைய பொருள்களை அழிக்கப்போவதாகப் பட்டியல் போட்டிருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய மண்சரிவு. மூன்று மாதம் கழித்துக் கிடைத்த ஓர் ஆண் உடல். அடையாளம் தெரியாமல் அவர்களே எரித்துவிட்டார்கள். உடலோடு இருந்தவை என்று பெல்ட் ஒன்று, சில்லறைப் பை ஒன்று, கைக்கடிகாரம் வைகறை ஒன்று.

"அந்த மழையிலதானுங்க அப்பா போனது," என்றாள். "கூடலூர்ல ஒரு பொம்பளையோட குடும்பம் நடத்தறாருன்னு ஊருக்குள்ள கதை கட்டிட்டாங்க. போலீசுக்குப் போனா மானம் போயிரும்னு மாமனுங்க எல்லாம் சேந்து அம்மா வாய அடைச்சுட்டாங்க. காணமுன்னு ஒரு கம்ப்ளெயிண்ட் கூட குடுக்கல. அப்பறம் எப்படிங்க பொணத்துக்கு அடையாளம் தெரியும்?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க மேடம். சக்கரையில கண்ணும் போயிருச்சு. ஒருவாரமோ பத்து நாளோங்கறாங்க. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மனுசன் செத்தாரா, நம்மள உட்டுட்டுப் போனாரான்னு. பதில் தெரிஞ்சா நிம்மதியாக் கண்ண மூடுவேங்கறாங்க. அண்ணனை அங்க கூட்டிட்டுப் போகோணும். உங்க வெளியீட்டு வேலைல அவனுக்கு லீவு இல்லைன்னு சொல்லிட்டாங்களாமா."

நானே லீவு கொடுத்தேன். காரையும் நானே எடுத்தேன். முதல் பதிப்பு ஒன்றை நேரில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்ற ஆசையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

காவல் நிலையத்தில் ஏட்டு ஒருவர் மஞ்சள் உறையைப் பிரித்து மேசைமேல் கவிழ்த்தார். சபரீஷை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, நீங்க அந்த விளம்பரத்துல வர்றவருதான? அதேதான்! இந்த வாட்சுக்கு அடையாளம் சொல்ல உங்களை விட்டா வேற ஆளே இல்லையே," என்று சிரித்தார். ஸ்ட்ராப் மக்கிப்போயிருந்தது. கண்ணாடி உப்பலாக, மங்கலாக இருந்தது. உள்ளே சந்தன நிறம். சூரியனுக்கு எண்ணிப் பார்த்தேன், பதினொரு கதிர்.

சபரீஷ் அதைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாரணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றான். "இது எங்கப்பாது இல்லீங்க."

"நல்லாப் பாருண்ணா."

"பாத்துட்டேன் பாப்பா. அப்பா கட்டியிருந்தது வைகறை. இது வைகறையே இல்ல. ஏதோ டூப்ளிகேட்டு."

ஏட்டு பழைய குறிப்பைப் புரட்டினார். "இடது மணிக்கட்டில், டயல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. இப்படி எழுதியிருக்கு. உங்க அப்பா அப்படித் திருப்பிக் கட்டுவாரா?"

"சேச்சே. மேல் பக்கமாத்தானுங்க கட்டுவாரு. எல்லாரு மாதிரியும்."

அவன் சொன்னதை ஏட்டு எழுதிக்கொண்டார். அவன் கையெழுத்துப் போட்டான். அது அசலான முதல் பதிப்பு என்று எனக்குத் தெரியும். பின்மூடியில் எண் கூடத் தெரிந்தது. அந்த வரிசையில் இருநூறு கடிகாரம் காரமடைக்கு அடுத்த மேட்டுப்பாளையம் கடைக்குப் போனது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவனே தன் அப்பாவின் கடிகாரத்தை டூப்ளிகேட் என்றுவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசிக்கப் பயந்துகொண்டு மலைப்பாதை முழுக்கச் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் திறந்தேன். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய முதல் நாள். இருபது வயதுக் குரல், கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"அப்பா வாட்சை உள்பக்கமாத்தானுங்க கட்டுவாரு. ஸ்டியரிங்கப் புடிச்சாக்கா கையைத் திருப்பாம மணி பாக்கலாமுங்கள்ல, அதுக்கு. என்னைய மடியில உக்கார வெச்சுக்குவாரு. எம் மூஞ்சிக்கு நேரா அந்தச் சூரியன் இருக்குமுங்க. தூங்கிருவேன்."

மூன்றாவது பதிப்பின் பதிவில் 'உள்பக்கம்' என்ற வார்த்தை இல்லை. ஐந்தாவதில், அப்பா கையைத் தூக்கி மணி பார்த்தார் என்றான். எட்டாவதில் மடியில் உட்கார்ந்த கதையே போய்விட்டது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தானாம். பன்னிரண்டாவதில் அப்பா வெள்ளை டயல் கடிகாரத்தை மேல் பக்கமாகக் கட்டிக்கொண்டு, என் படத்தில் இருக்கிற ஆளைப் போலவே கையை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். லாரியையே காணவில்லை.

டாக்டர் பெனாசிரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் இரண்டு பதிவுகளைக் கேட்டதும் பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

"ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற வரைக்கும் மாவு புளிக்காது பிரவீணா. வெளிய எடுத்து வெச்சு மறுபடி உள்ள வெச்சா அது பழைய மாவு இல்ல. ஞாபகமும் அப்படித்தான். எடுத்துப் பாக்கறப்ப இளகும். இளகின நேரத்துல எதைக் காட்டறமோ அதுவும் கலந்துதான் உள்ள போகும்."

"நாம பன்னெண்டு தடவை இளக்கியிருக்கோம்."

"ஒரு பதிப்புக்கு இருபது சிட்டிங். கணக்குப் போட்டுக்கங்க."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"உங்களுக்கும்தான் தெரியும். டிசைன் விலகி விலகிப் போகுது, அவர் மார்க் மட்டும் ஏறிட்டே இருந்துச்சே. தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பது. அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"டிசைன் மெருகேறுதுன்னு சொன்னேன்."

"நானும் ஆமான்னேன்," என்றார் டாக்டர்.

கடிகாரத்தை மாற்றாததுபோல மாற்றுகிறேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மாறியது அவன். நாங்கள் அளவுகோலைத் தேய்த்துத் தேய்த்துத் துணிக்குத் தக்கபடி வெட்டிக்கொண்டே வந்திருக்கிறோம்.

எம்.டி.யிடம் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவர் கெட்டிக்காரர், ஆனால் அன்றைக்கு மறைக்கவில்லை, நேராகவே பேசினார்.

"அவங்க அம்மாகிட்ட தாராளமாச் சொல்லு. நான் வேண்டாங்கல. ஆனா இன்னிக்கு செவ்வாய். வெள்ளிக்கிழமை வெளியீடு. அப்பா வாட்சையே அடையாளம் தெரியாத ஆளை வெச்சுத்தான் பன்னெண்டு பதிப்புக்கு முத்திரை குத்தினோம்னு வெளிய வந்தா வைகறை அன்னிக்கே செத்துச்சு. திங்கக்கிழமை சொல்லு. நானே கார் அனுப்பறேன்."

"அந்தம்மா நிலைமை மோசம் சார்."

"இருபத்தாறு வருஷம் பொறுத்தவங்க, ஆறு நாள் பொறுக்க மாட்டாங்களா?"

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் என் வாயைக் கட்டவில்லை, என் ஃபோனைப் பிடுங்கவில்லை. காரமடை ஒரு மணி நேரத் தூரம். நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை மேடையில் எனக்கு நாலாவது விருது இருந்தது. சபரீஷ் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மைக்கைப் பிடித்து, "அதேதானுங்க" என்றான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவன் இறங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அவன் அம்மா பூங்கொடி சனிக்கிழமை மத்தியானம் இறந்துபோனாள்.

திங்கட்கிழமை எம்.டி. சொன்னபடியே கார் அனுப்பினார். இழவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. சபரீஷ் மொட்டைத் தலையோடு எழுந்து வந்து, "வாங்க மேடம், உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டினேன். தாரணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டாள்.

"இது எப்பங்க உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அடிக்கவில்லை.

"ஸ்டேஷன்ல இருந்து வந்து அண்ணன், 'அது அப்பாது இல்லம்மா'ன்னான். திருப்பிக் கட்டியிருந்ததை அம்மாகிட்ட கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. அம்மா, 'அப்ப அந்தாளு எங்கயோ சோறு தின்னுட்டு நல்லாத்தான் இருக்கறாரு'ன்னாங்க. நெத்திப் பொட்டைத் தடவித் தடவி அழிச்சாங்க. புருசன் செத்தா அழிப்பாங்க மேடம். எங்கம்மா அவரு உசுரோட இருக்கறாருன்னு அழிச்சாங்க. இருபத்தாறு வருசம் வெச்ச பொட்டு."

நான் தலை குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அந்த வீட்டில் சொல்வதே அசிங்கமாக இருந்தது.

ஆனால் சபரீஷ் நம்பவில்லை. தன் குரலையே கேட்டுவிட்டு, "சின்னப் பையன், ஏதோ தப்பாச் சொல்லியிருக்கேனுங்க மேடம். எனக்குத்தான் கண்ணு முன்னாடி நிக்குதே. மேல் பக்கமாத்தான் கட்டுவாரு," என்றான். எனக்காக அவன்தான் வருத்தப்பட்டான். "நீங்க வெசனப்படாதீங்க. அப்பா எங்கயோ இருக்கறாரு."

தாரணி அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், எழுதிக் கொடுத்துக் கடிகாரத்தை வாங்கி வந்துவிட்டாள். அவளுக்கு அப்பா செத்துப்போனார் என்பது உறுதியாயிற்று. பாக்கி இருந்தது ஒன்று. இருபத்தாறு வருடமாக எள்ளும் தண்ணீரும் காணாமல் கிடக்கிறவருக்குத் திதி கொடுக்க வேண்டும். அதை மகன்தான் கொடுக்க வேண்டும். சபரீஷ் முடியாது என்றுவிட்டான்.

"உசுரோட இருக்கறவருக்கு எள்ளுத் தண்ணி எறைக்கச் சொல்றியா பாப்பா? பாவமில்லையா?"

மூன்றாம் நாள் தாரணி என்னிடம் வந்து அந்தக் கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க கெடுத்ததுதானுங்க. அதே மெசினு, அதே பட்டை. எப்படி மாத்துனீங்களோ அப்படியே திருப்பி வையுங்க."

"திருப்பி வைக்கறதுன்னு ஒண்ணு கிடையாது தாரணி. மறுபடி எழுதறதுதான்."

"எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேண்டாமுங்க. நெசத்தை எழுதுங்க. இந்தத் தடவையாவது."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் பிடித்தேன். கம்பெனிக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது. படத்துக்குக் கை கொடுக்கிற மாடல் ஆளைக் கூப்பிட முடியாது. என் கை எலும்பும் நரம்புமாக ஆம்பிளைக் கை மாதிரிதான் இருக்கும். சட்டைக் கையை மடக்கி, அந்தப் பழைய கடிகாரத்துக்குப் புது ஸ்ட்ராப் போட்டு, டயல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி என் மணிக்கட்டில் திருப்பிக் கட்டி, ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாற்பது படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் இல்லாத அலுவலகத்தில் உட்கார்ந்தோம். டாக்டர் பெனாசிர் வந்து பட்டையைக் கட்டிவிடுவார். சபரீஷை வரவழைக்கக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. "மேடம் சொன்னாச் சரிங்க," என்று வந்து உட்கார்ந்தான், பதினெட்டு வருடமாக உட்கார்ந்த மாதிரியே.

முதல் ஞாயிறு மூளைக்குள் மணி நூற்றுக்குப் பதினொன்றுதான் அடித்தது. "நல்லா இருக்குங்க மேடம். ஆனா இது வைகறை மாதிரியே இல்ல," என்றான். நான் முதல் பதிவில் இருந்த அவன் வார்த்தைகளையே அவனுக்குப் படித்துக் காட்டினேன். மடி, ஸ்டியரிங், முகத்துக்கு நேரே சூரியன். ஐந்தாவது ஞாயிறு நாற்பது. ஒன்பதாவது ஞாயிறு பேசிக்கொண்டே இருந்தவன், "லாரியில மடியில உக்காருவேனுங்க," என்று தானாகச் சொன்னான். பன்னிரண்டாவது ஞாயிறு தொண்ணூற்றாறு. அந்தக் கடிகாரத்தை இரண்டு கையாலும் பொத்திக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"அதேதானுங்க மேடம். அதேதான். ஐயோ, அம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிட்டனே..."

அவன் அழுததைக் கேட்டு வெளியே நின்ற தாரணி ஓடி வந்தாள். டாக்டர் பட்டையை அவிழ்க்க மறந்து அப்படியே நின்றார். இது அவனுக்கு ஞாபகம் வந்ததா, நான் சொல்ல வைத்ததா என்று எனக்கும் தெரியவில்லை. முன்பு பன்னிரண்டு தடவை சொன்னபோதும் இதே கண்ணீர், இதே குரல்.

அந்த மாத அமாவாசைக்கு மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் திதி கொடுத்தார்கள். என்னையும் வரச் சொல்லித் தாரணிதான் கூப்பிட்டாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. படித்துறையில் கூட்டம். ஐயர் பேரும் கோத்திரமும் கேட்டுவிட்டு, "தகப்பனாரை மனசுல நன்னா நினைச்சுக்கோங்கோ," என்றார். சபரீஷ் கண்ணை மூடிக்கொண்டு எள்ளும் தண்ணீரும் விட்டான். எழுந்து ஈர வேட்டியோடு மேலே வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் பார்க்காத முகம்.

படியில் உட்கார்ந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லாத் தெரிஞ்சாரு பாப்பா. பக்கத்துல இருக்கற மாதிரி. நான் மடியில உக்காந்திருக்கேன். ஸ்டியரிங் மேல அப்பா கை. வாட்சு உள்பக்கமா. அதுக்குக் கீழ சுட்டதாட்டம் ஒரு தழும்பு இருக்குமே, பிறையாட்டம், அது கூடத் தெரிஞ்சுது. நான் வெரலால அதைத் தடவிட்டே தூங்கிருவேன்."

தாரணியின் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் உடம்பைப் பற்றி அவளுக்குக் கிடைத்த முதல் அடையாளம் அதுதான். தன் மணிக்கட்டின் உள்பக்கத்தை விரலால் தொட்டு, இந்த இடமா என்று அண்ணனிடம் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினான்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா இதைச் சொன்னதே இல்லீங்க மேடம். நீங்க பழைய பதிவெல்லாம் கேட்டிருப்பீங்களே. அதுலயும் இந்தத் தழும்பைப் பத்திச் சொல்லியிருந்தானுங்களா?"

சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அதேதான்," என்றேன்.